உதடு சேராத பெண்

சித்தூரில், பழைய மிஷன் கோயிலுக்குப் பின்னாலுள்ள சந்தில் வளர்ந்தவள் ஸ்வீட்டி. அப்பா இயேசுதாசன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அம்மா ஞானசௌந்தரிக்கு மாங்கூழ் ஃபேக்டரியில் பழம் உரிக்கும் வேலை. பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்ததிலிருந்தே ஸ்வீட்டியின் மேல்வரிசை முன்பற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கீழுதடு அவற்றுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். வாய் எப்போதும் திறந்தே கிடக்கும்.

இயேசுதாசனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "வாய மூடு" என்பான். அவள் மூடப் பார்ப்பாள். முகவாய் சுருங்கி நடுங்கும், உதடு மட்டும் சேராது. அறை விழும். கோயிலில் பாட்டு நடக்கும்போதே தொடையைத் திருகுவான். ஒரு கல்யாணத்தில் போட்டோவுக்கு நின்றபோது அவள் பின்கழுத்தைப் பிடித்து வரிசைக்கு வெளியே தள்ளினான். நாற்காலியில் மோதி விழுந்தவளை யாரும் தூக்கவில்லை.

அவளும் தன்னை விட்டுவைக்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கரண்டியின் பின்பக்கத்தைப் பல்லில் வைத்து இரண்டு கையாலும் அழுத்துவாள். ஈறு கிழியும், ரத்தம் வரும், பல் நகராது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'எத்துப்பல்லு'. தமிழ்ப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் அந்த ஒரு சொல்லில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். ஏழாவது படிக்கும்போது ஒரு நாள், குழாயில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கூடப் படிக்கும் பவன்குமார் பின்னாலிருந்து அவள் தலையை ஓங்கி அமுக்கினான். இரும்புக் குழாயில் முன்பல் இடித்துப் பாதியாக ஒடிந்தது. வலியை உணர்வதற்கு முன்னால் அவள் திரும்பி அவன் கையைக் கவ்விவிட்டாள். இரண்டு டீச்சர்கள் இழுத்தும் விடவில்லை. விட்டபோது அவன் தோல் கிழிந்து தொங்கியது. அவள் வாயில் இருந்த ரத்தத்தில் எது யாருடையது என்று தெரியவில்லை.

தலைமையாசிரியர் இயேசுதாசனை வரவழைத்தார். வந்தவன் என்ன நடந்ததென்று கேட்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, புறங்கையால் மகளின் வாயிலேயே அடித்தான். ஒடியாமல் இருந்த இன்னொரு முன்பல் எலும்பை விட்டுக் கிளம்பி ஆடியது. பிள்ளையைக் கொன்றுவிடுவாயா என்று தலைமையாசிரியர் தெலுங்கில் கத்தினார்.

"என் பொண்ண நான் அடிக்கிறேன் சார். நீங்க உங்க வேலயப் பாருங்க" என்றான்.

மாம்பழச் சாறு காயாத கையோடு ஞானசௌந்தரி ஓடிவந்தாள். மகள் வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு திருப்பதி பஸ்ஸில் ஏறினாள். வழிநெடுகத் துண்டு நனைந்துகொண்டே இருந்தது.

பல் ஆஸ்பத்திரியில் டாக்டர் சபீனா ஆடிய பல்லைப் பழைய இடத்தில் அமர்த்தி, பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டினார். ஒடிந்ததை மருந்து வைத்து மூடினார். கன்னத்தில் பதிந்திருந்த விரல்தடங்களைப் பார்த்தார். புண் ஆறிச் சில மாதம் கழித்து வரச்சொன்னார். அப்போதுதான் அந்த நீட்டலுக்குக் காரணம் தேடினார். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையிலிருந்த தூரத்தைச் சின்ன அளவுகோலால் அளந்தார். தலையைப் பக்கவாட்டில் வைத்து எக்ஸ்ரே எடுத்தார். பிறகு, "கீழ்த்தாடைய மெதுவா முன்னாடி கொண்டு வாம்மா" என்றார். ஸ்வீட்டி கொண்டுவந்தாள். டாக்டர் பக்கவாட்டில் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். உதடுகள் ஒன்றையொன்று தொட்டிருந்தன.

"மேல்பல்லு மேல மட்டும் தப்பில்ல. கீழ்த்தாடை சரியா வளராம பின்னாடியே நின்னுடுச்சு. இவளால எப்படிங்க வாய மூட முடியும்?" என்றார் டாக்டர்.

ஞானசௌந்தரி மகளைப் பார்த்தாள். "மூட முடியாதா? இத்தினி நாளா முடியாதா?" என்று மட்டும் கேட்டாள்.

"முடியாது. இப்படி நீட்டிக்கிட்டிருந்தா எந்த அடி விழுந்தாலும் முதல்ல உடையறது இந்தப் பல்லுதான். எலும்பு இன்னும் வளருது, எக்ஸ்ரேல தெரியுது. இப்பவே மேலயும் கீழயும் பிளேட் போட்டா, கடிக்கும்போதெல்லாம் தாடை முன்னுக்கு வந்து நிக்கும். அப்புறம் கிளிப் போட்டுப் பல்ல வரிசைப்படுத்தலாம். வயசு தாண்டிட்டா ஆபரேஷன்தான்." எக்ஸ்ரேயைக் கவரில் போட்டுக்கொண்டே, "அடிக்கிறவர்கிட்ட இதச் சொல்லுங்க. இன்னொரு அடிய அந்தப் பல்லு தாங்காது" என்றார்.

சொன்னாள். இயேசுதாசன் சிரித்தான். "கோணவாய்க்கு டாக்டர் சர்ட்டிபிகேட்டா?"

பிளேட் மாட்டிய புதிதில் ஸ்வீட்டிக்கு எச்சில் வழிந்தது, பேச்சு குழறியது. தாடை இரவும் பகலும் வலித்தது. சாப்பிடும்போதும் கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இயேசுதாசன் குடித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். எதிரே அவள் மென்ற சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாடி மாடு மாதிரி துன்னுகினு கிற?" என்று எட்டி அவள் தாடையைப் பிடித்தான். வாய்க்குள் விரலைவிட்டு இரண்டு பிளேட்டையும் பிடுங்கித் தரையில் போட்டுக் குதிகாலால் மிதித்தான். பிளேட்டின் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் நாலாபக்கமும் சிதறின. அவற்றைப் பொறுக்கக் குனிந்தவளின் விரல்களையும் மிதித்தான்.

ஞானசௌந்தரி அடுப்பில் களி கிளறிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துடுப்போடு எழுந்து வந்தாள். முதல் அடி அவன் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் ஸ்வீட்டிக்குக் கேட்டது. அடுத்தது தோளில், அதற்கடுத்தது காதோரம். சுடுகளி அவன் முகமெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவன் தெருவில் விழுந்து கத்தும்வரை அவள் நிறுத்தவில்லை.

சபைப் பெரியவர்கள் வந்தார்கள். புருஷனை மன்னித்துவிடும்மா என்றார்கள். "மன்னிச்சுட்டேன். ஆனா இந்த ஊட்ல இருக்க மாட்டேன்" என்றாள். அன்று சாயங்காலமே ஒரு பையோடு மகளை இழுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனாள். லாட்ஜ் ஒன்றில் சமையல்கட்டு வேலை, ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. டாக்டர் சபீனா புதுப் பிளேட் செய்துகொடுத்தார்.

தாடை முன்னுக்கு வந்தது. ஒரு நாள் பள்ளி பஸ்ஸில் தூங்கி எழுந்தபோது தன் வாய் மூடியிருந்ததை ஸ்வீட்டி உணர்ந்தாள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு பற்களை உள்ளே இழுக்கக் கிளிப் ஏறியது.

கிளிப் போட்டிருந்த காலத்தில்தான் இயேசுதாசன் அவர்களைக் கண்டுபிடித்தான். லாட்ஜ் வாசலில் ஞானசௌந்தரியின் முடியைப் பற்றிச் சுவரில் மோதினான். பள்ளி விட்டு வந்த ஸ்வீட்டி பையை வீசிவிட்டு நடுவில் பாய்ந்தாள். அவன் முஷ்டி நேராக அவள் வாயில் இறங்கியது. உதட்டின் உள்பக்கம் கிளிப்பில் குத்திக் கிழிந்தது. பற்கள் நின்றன. ஆட்டோக்காரர்கள் அவனைச் சூழ்ந்து உதைக்க ஆரம்பித்தார்கள். உதை வலுத்தபோது ஸ்வீட்டியே, "போதும், செத்துடுவாரு, உடுங்க" என்று அலறிக் கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு நுழைந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. சமாதானமாகப் போகச் சொன்னார். குடும்ப விஷயம், பெண் பிள்ளை வேறு, கேஸ் எதற்கு என்றார். ஞானசௌந்தரி தலைகுனிந்து நின்றாள். உதட்டில் தையல் போட்டிருந்த ஸ்வீட்டி, ஒவ்வொரு சொல்லுக்கும் நூல் இழுக்க, தெலுங்கில் சொன்னாள்:

"எழுதுங்க சார். நான் சொல்றேன்."

அவன் ஜெயிலுக்குப் போனான். வெளியே வந்து இப்போது காளஹஸ்திப் பக்கம் மணல் டிராக்டர் ஓட்டுவதாகக் கேள்வி. ஆடி நின்ற பல்லின் நரம்பு செத்துப்போய், வேர்ச்சிகிச்சை செய்தும் அது கொஞ்சம் கறுத்துவிட்டது. மேலே உறை போடலாம் என்றார் டாக்டர். அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டாள் ஸ்வீட்டி. இன்டர் முதல் வருஷம், அதாவது பதினொன்றாவது, படிக்கிறாள். சாயங்காலங்களில் கபடி. ஞானசௌந்தரி அந்த மைதானத்துப் பக்கமே போவதில்லை. மகள் மேல் ஆள் விழுவதைப் பார்க்கத் தெம்பில்லை என்கிறாள்.