ரோலரம்மாவின் பாஸ்வேர்டு

இருபத்தாறு வருஷமாகச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவளை ஊரில் ரோலரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பிரஷ் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். நீளக் கம்பில் ரோலரை மாட்டி, ஏணி போடாமல், ஒரு கூடத்தின் கூரை முழுக்க ஒரே சீராக அடித்து முடித்துவிட்டு, கீழே விரித்த தாளில் பத்துச் சொட்டுக்கு மேல் காட்டுங்கள் என்று சவால் விடுகிறவள் அவள் ஒருத்திதான்.

அதில் பாதிக் காலம் ஒரு மேஸ்திரியிடம் கழிந்தது. அவர் இடுப்பில் கை வைத்துச் சுவரை ஒரு பார்வை பார்ப்பார், "நாலு டப்பா" என்பார். ஒன்று, பெயிண்ட் பாதிச் சுவரில் தீர்ந்து போகும், இல்லாவிட்டால் டப்பா டப்பாவாக மிஞ்சும். இவள் வாயைத் திறந்தால், கம்பு பிடிக்கிறவளுக்கு அளவு எதற்கு என்று கேட்பார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் போனிடம் வாய்விட்டே கேட்டாள், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்று. ஒரு வலைத்தளம் வந்தது. நீளம், அகலம், உயரம் என்று கட்டங்கள். அடுத்ததாகக் கதவு எத்தனை, ஜன்னல் எத்தனை என்று வேறு கேட்டது. ஜன்னல் கண்ணாடிக்குப் பெயிண்ட் வேண்டாம் என்று தெரிந்த ஒரு மேஸ்திரியை வாழ்க்கையில் முதல்முறை சந்தித்த சந்தோஷம் அவளுக்கு. பழைய மேஸ்திரிக்கு அந்த மாதமே கும்பிடு போட்டாள்.

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மணிக்கு மணி மழை சொல்லும் தளத்தைப் பார்த்துவிட்டு, "மூணு மணிக்கு மேல ஊத்தும், வெளிச்சுவரை நாளைக்கு வச்சுக்கலாம்" என்பாள். மூன்றே காலுக்குக் கொட்டும்போது வீட்டுக்காரர்கள் அவளை ஜோசியக்காரியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். கிழிந்த துணியைக் காட்டி இந்த நீலம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களுக்கு, அதைப் படம் எடுத்தால் நிறத்தின் எண்ணைச் சொல்லும் ஆப் ஒன்று வைத்திருந்தாள். எல்லாவற்றையும்விட அவளுக்கு உயிர், வேலையாட்கள் தங்கள் பெயரைப் பதிந்து வைக்கும் தளம். வீட்டுக்காரர்கள் அவள் அடித்த சுவர்களின் படத்தைப் பார்த்துக் கோரிக்கை அனுப்புவார்கள். கீழே இரண்டு பொத்தான்: ஏற்கிறேன், மறுக்கிறேன். நடுவில் எந்த மேஸ்திரியும் கிடையாது.

எழுதுவதில்தான் இடித்தது. டைப் அடிக்கச் சோம்பல், மைக்கை அழுத்திப் பேசிவிடுவாள், போன் எழுதிக்கொள்ளும். அவள் நாக்கிலோ ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே வீடு. 'பலம்' சாப்பிட்டதற்காகப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்றவள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு, நாளை வந்து மூலையைத் தேய்க்கிறேன் என்று சொன்னதை, மூளையைத் தேய்க்கிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டது போன். அதற்கு வயது கடந்துவிட்டதம்மா, சுவரை மட்டும் பாருங்கள் என்று பதில் வந்தது.

ஐம்பத்து மூன்று வயதில் வலது தோள் மக்கர் பண்ணியது. ஆஸ்பத்திரி தளத்தில் தானே நேரம் பதிந்தாள். என்ன தொந்தரவு என்ற கட்டத்தில் தோள் வலி என்று சொன்னாள். போன், தோல் வழி என்று எழுதியது. ஆஸ்பத்திரிக்காரர்களும் யோசித்துப் பார்த்து அவளைத் தோல் டாக்டரிடம் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் எங்கே அரிக்கிறது என்று கேட்க, இவள் அரிப்பெல்லாம் இல்லை, கையைத் தூக்க முடியவில்லை என்று சொல்ல, சிரித்துக்கொண்டே மாடியில் இருந்த எலும்பு டாக்டரிடம் அனுப்பினார்.

இதை வீட்டில் சொல்லிச் சிரித்ததுதான் அவள் செய்த தப்பு. நாள் முழுக்க ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் மகனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இனிமே நெட்டுல நீ எதையும் தொடாதம்மா. பாஸ்வேர்டைக் குடு, நான் பாத்துக்கறேன்."

"தோளும் என்னுது, தோலும் என்னுது. எந்த டாக்டர்கிட்ட போனாலும் நான்தானே போறேன்?"

பேச்சில் ஜெயித்துவிட்டாள். உடம்பு ஒத்துழைக்க வேண்டுமே. மூன்று வாரம் கையைத் தூக்கக் கூடாது என்று மாடி டாக்டர் சொல்லியிருந்தார். நாலாம் நாள் காலையில் தலை வாரக்கூட முடியாமல் சீப்பைக் கீழே போட்டவள், மகன் மறுபடி கேட்டபோது பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டாள். வலி மனுஷியை எங்கெல்லாம் பணிய வைக்கிறது பாருங்கள். அவன் வேலைத் தளத்தில் அவள் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போட்டான்.

மூன்று வாரம் ஐந்தானது. தோள் வலி இறங்கியது. வீட்டுச் சுவரில் வெறும் ரோலரை ஓட்டிப் பழகினாள். ஒரு கோரிக்கையும் வரவில்லை. மகனைக் கேட்டால், மழைக்காலம்தானே என்றான். ஊரே சுவரை மறந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் நேரே போன் செய்தார்.

"ஏம்மா, ரெண்டு தடவை கேட்டும் வேண்டாம்னுட்டீங்களே? மூளைன்னு கிண்டல் பண்ணினதுல கோவமா?"

அவள் போனை வைத்த கையோடு தளத்தைத் திறந்தாள். பாஸ்வேர்டு தவறு என்றது. வெளியாட்கள் பார்க்கும் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். அவள் படத்துக்குக் கீழே, வந்த கோரிக்கை பதினொன்று, ஏற்றது ஒன்றுமில்லை என்று இருந்தது. அதற்கும் கீழே: இவர் இப்போது வேலை எடுப்பதில்லை.

மகன் கெட்டவன் இல்லை. அம்மா கஷ்டப்படக் கூடாது என்று நினைத்தான். நினைத்தால் போதுமா, ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? மேஸ்திரியிடமிருந்து தப்பி வந்தவளுக்கு வயிற்றிலேயே ஒரு மேஸ்திரி பிறந்திருந்தான்.

அவனிடம் அவள் கேட்கப் போகவில்லை. தளத்தின் உதவிப் பெட்டியைத் திறந்தாள். மைக்கைத் தொடவில்லை. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குத்தினாள். ள எங்கே ஒளிந்திருக்கிறது, ழ எங்கே என்று கண்டுபிடித்து, நாலு வரிக்கு முக்கால் மணி நேரம். இது என் பெயர், என் வேலை. என் மகனின் நம்பர் உள்ளே இருக்கிறது. அது நான் சொல்லிப் போட்டதில்லை. அதை நீக்கி என் நம்பரைப் போடுங்கள்.

அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் அனுப்பச் சொன்னார்கள். அட்டையை வலது கையில் எடுத்தாள். தாடை உயரம் போதும். அவள் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து எடுத்தாள். வலித்தது, வலிக்கட்டும் என்று இருந்துவிட்டாள். மறுநாள் மதியம் தளம் அவள் கைக்கு வந்தது. புதுப் பாஸ்வேர்டு போட்டாள், எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

உங்கள் எண் நீக்கப்பட்டது என்று மகனுக்கும் செய்தி போயிருந்தது. சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான். அவள் ரோலரை அலசிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் வீட்டுக் கூடத்தை ஏற்றுக்கொண்டாகிவிட்டது.

"என்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேம்மா."

"நீ என்கிட்ட கேட்டியா?"

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எங்கேயோ ஒரு வீட்டில் அவள் விழுந்து கிடந்தால் தனக்கு யார் வந்து சொல்வார்கள் என்று கேட்டான். இத்தனை நாளும் அவன் பயந்தது இதற்குத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மனசு இளகியது. ஆனால் முடிவு இளகவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள். அவள் பெயர், அவள் நம்பர். வேலை நேரம் காலை எட்டிலிருந்து ஒன்று வரை. கூரை வேலை எடுப்பதில்லை என்று தானே எழுதியிருந்தாள். பக்கத்தின் அடியில் இன்னொரு கட்டம்: அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர். அதில் அவன் நம்பர் இருந்தது.

அவன் போனை வாங்கிப் பார்த்தான்.

"இந்த ஒண்ணு மட்டுந்தானா?" என்றான்.

"அந்தக் கட்டத்துல வேற யாரையும் போட எனக்கு மனசு வரலடா. மத்த கட்டத்துல உன்னைப் போடவும் மனசு வரல."

அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான்.