தானாக உருண்ட பந்து

என் வீட்டுக்காரரைப் பதுளையிலிருந்து எல்ல ஊர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். பில்லியர்ட்ஸ் மேசை எங்கே கிடக்கிறதோ அங்கே அவரும் கிடப்பார். முதல் ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்பார். கம்பு பிடிக்கவே தெரியாதவர் மாதிரித் தலையைச் சொறிவார். எதிராளி இளித்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றியதும் சட்டைக் கையை மடிப்பார். அவ்வளவுதான். தோற்றவனும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத்தான் போவான். குடைக் காம்பால் அடிப்பது, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு அடிப்பது, தோற்றதுபோல் தேம்பி அழுவது என்று அத்தனை கூத்து. வீட்டில் மட்டும் ஒரு குடம் தண்ணீர் தூக்கமாட்டார்.

எல்லயில் ஒரு விடுதியை மூடியபோது அங்கிருந்த பழைய மேசையை லொறியில் ஏற்றிவந்து, மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கோடியிலுள்ள மண்டபத்தில் போட்டார். தட்டில் தண்ணீர் வைத்துப் பார்த்துப் பார்த்து, கால்களுக்கு அடியில் பலகைத் துண்டு செருகி மட்டம் பிடித்தார். குடும்பத்துக்கு அந்த அக்கறை காட்டியிருந்தால் நாங்கள் எங்கேயோ போயிருப்போம்.

இந்த மழைக்காலத்தில் அவரை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. பந்து சொல்பேச்சுக் கேட்பதுபோல் வளைந்து போய்க் குழியில் விழுந்தது. "ஒம் புருசன் கையில என்னமோ இருக்குடி" என்று அடுத்த வீட்டிலிருக்கும் என் அக்கா பூரித்துப் போனாள். எனக்கும் பெருமைதான். ஆனால் அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய், மழையில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மத்தியானம் மண்டபத்தைக் கூட்டப் போனேன். தரையில் கிடந்த பந்தை எடுத்து மேசையின் நடுவில் வைத்தேன். அது தானாக நகர்ந்தது. மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் உருண்டு மூலைக் குழியில் விழுந்தது. குனிந்து பார்த்தேன். பலகைத் துண்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. எழுந்து அவரிடம் ஓடினேன்.

"ஏங்க, மேசை சாஞ்சிருக்கே?"

"மேசை சாயல புள்ள. தரை சாஞ்சிருக்கு."

"எப்பத்துல இருந்து?"

"மழை புடிச்சதுல இருந்து. ஞாயித்துக்கெழம பதுளைக்காரன் மோட்டார் சைக்கிளப் பந்தயம் கட்டி ஆட வாறான். அது முடியட்டும், எல்லாருகிட்டயும் சொல்லிர்றேன்."

மலை சரிந்து மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போன அன்று எங்கள் லயத்தில் ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. இந்த மனுஷனும் அன்று எங்களோடு உட்கார்ந்து அழுதவர்தான். அந்த நிமிடம் அவரை அடியோடு வெறுத்தேன்.

ஞாயிறு வரை என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அக்காவிடம் சொன்னேன், பக்கத்து வீடுகளில் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆட்ட நாளன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், ஆட்டத்தைக் கலைத்து, ஒரு பந்தை நடுவில் வைத்தேன். அது உருண்டது. "மலை நகருதுங்க, வெளிய வாங்க!" என்று கத்தினேன். விசில் பறந்தது. பெண்டாட்டியையும் கூத்தில் சேர்த்துவிட்டார் என்று கைதட்டினார்கள்.

அவர் கம்பைக் கீழே வைத்தார். "அவ சொல்றது நெசங்க" என்றார். சிரிப்பு இன்னும் கூடியது. கைகூப்பிக்கொண்டு அழுதார். அந்த அழுகையை அவர்கள் எத்தனையோ தடவை பார்த்திருந்தார்கள். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

பிறகு தோட்டத்து ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் தங்கச் சொன்னார்கள். போனோம். மழை விட்டதும் எங்களைத் தவிர மற்றக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக லயத்துக்குத் திரும்பிப் போய்விட்டன. கையைக் காலைப் பிடித்துக் கெஞ்சியும் அக்கா கேட்கவில்லை. "பதுளைக்காரன்கிட்ட தோத்துருவோம்னு ஒம் புருசன் ஆடுன நாடகம்டி இது" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நேற்று மழை மறுபடியும் பிடித்தது. இன்று சாயங்காலம் அவர் மண்டபத்துக்குப் போய் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வந்தார்.

"பந்து வச்சுப் பாத்தீங்களா?"

"பந்து வைக்க வேண்டியதில்ல. மேசையே செவத்துல போய் முட்டிக்கிட்டு நிக்குது."

அக்கா வீட்டுக் கதவையும் தட்டினாராம். அவரைப் பார்த்ததுமே அவள் சிரித்துவிட்டாளாம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாளாம்.

மழை இன்னும் விடவில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்றால் அவள் வீட்டு விளக்கு தெரிகிறது.