பத்து டாலர் பெட்ரோலுக்கு நூற்று இருபத்தைந்து

பெட்ரோல் போட ஆள் வருவார் என்று வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால், டெக்சஸில் உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். ஆலன் நகரத்துக்கு வந்த மூன்றாம் நாள், ஒரு புதன்கிழமை மாலை, நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இதற்கு முன் இரண்டு வருடம் நான் இருந்தது நியூஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில். அந்த மாநிலத்தில் நம் ஊரைப் போலவே பங்க்கில் ஆள் இருப்பார். நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஜன்னலை இறக்கிப் பத்து டாலர் தாளை நீட்டி, "டென் டாலர்ஸ், ரெகுலர், ப்ளீஸ்" என்று சொன்னால் முடிந்தது. வேலை டெக்சஸுக்கு மாறியதும் பழைய காரை அங்கேயே விற்றுவிட்டு விமானத்தில் வந்து, இங்கே இன்னொரு பழைய காரை வாங்கியிருந்தேன். அதற்கு முதல்முறையாகப் பெட்ரோல்.

பின்னால் நின்ற வண்டியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "யூ ஓகே, ஹனி?" அறுபது வயதிருக்கும். பங்க் ஊழியர் போலும் என்று நினைத்து நான் ஜன்னலை இறக்கி வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன்: "டென் டாலர்ஸ், ப்ளீஸ்." அவர் என்னை ஒருமுறை, என் காரின் நசுங்கிய முன்பக்கத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, பத்து டாலர் தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நான் கேட்டது பிச்சை இல்லை என்று புரியவைக்கும்வரை அவர் தாளை மடக்கவே இல்லை. புரிந்ததும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துவிட்டு, கார்டை எங்கே செருக வேண்டும், குழாயை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். இந்தக் கதையில் எனக்கு நல்லது செய்த ஒரே அமெரிக்கர் அவர்தான். அவர் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் என்னை வீழ்த்தியது. அது அவருக்கே தெரிந்திருக்காது.

நான் டேங்க்கை நிரப்புகிறவன் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் நிரப்பியதில்லை. அப்பா கோபிசெட்டிபாளையத்தில் வாழைத்தார் ஏற்றும் மூன்று சக்கர லோடு வண்டி ஓட்டுகிறவர். இன்றைய வாடகைக்கு இன்றைய டீசல் என்பது அவர் கணக்கு. நானும் அதே மாதிரி, தேவைப்படத் தேவைப்படப் பத்துப் பத்து டாலருக்குப் போடுவேன். புதன் மாலை ஒருமுறை, வியாழன் காலையும் மாலையும், வெள்ளி காலை ஒருமுறை. நான்கு தடவையும் டெபிட் கார்டு. கிரெடிட் கார்டு என்றால் கடன், அது நமக்கு ஆகாது என்று அதுவரை நான் வாங்காமலே இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு முக்கியம் இருந்தது. திருமணமாகி நான்கு மாதத்துக்குப் பிறகு என் மனைவி கலைவாணி சனிக்கிழமை மாலை டாலஸ் விமான நிலையத்தில் இறங்குகிறாள். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புது வீட்டில் பால் காய்ச்சுவதென்று அம்மா முடிவு செய்திருந்தார். அதற்கே ஒரு வாரம் பேச்சு. "நல்ல நேரம் ஏழரையிலிருந்து எட்டரைடா. அங்கத்த ஞாயித்துக்கிழமையா, இங்கத்த ஞாயித்துக்கிழமையா?" என்று அம்மா கேட்க, "வீடு எங்க இருக்குதோ அங்கத்த நேரந்தான். கேலண்டரக் கீழ வையி" என்று அப்பா முடித்துவைத்தார். நாங்கள் யாரும் சொந்தமாகவோ முழுதாகவோ ஒரு வீட்டில் இருந்தவர்கள் இல்லை. ஓட்டு வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்து இருந்தவர்கள். இதுவோ இரண்டு படுக்கையறை, தனிச் சமையலறை, கலைவாணி வீடியோவில் பார்த்துத் தேர்ந்தெடுத்த வீடு. முன்பணமும் முதல் மாத வாடகையும் வெள்ளி ஐந்து மணிக்குள் வங்கிக் காசோலையாகக் கொடுத்தால் சாவி. சாவி தரும் குடியிருப்பு அலுவலகத்துக்குச் சனி, ஞாயிறு விடுமுறை.

மூன்று மணிக்கு வங்கிக்குப் போனேன். கணக்கில் தேவையானது இருந்தது, கொஞ்சம் மிச்சமும் இருந்தது. காலையில்தான் பார்த்திருந்தேன். கவுண்டரில் இருந்த இளைஞன் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இருநூற்று அறுபது டாலர் குறைகிறது என்றான்.

எப்படிக் குறையும் என்றேன். அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். மேலே ஒரு தொகை, அதுதான் நான் காலையில் பார்த்தது. கீழே இன்னொரு தொகை, அதுதான் நான் எடுக்கக்கூடியது. நடுவில் நான்கு வரி. ஒவ்வொன்றும் நூற்று இருபத்தைந்து டாலர். நான் பெட்ரோல் போட்ட நான்கு தடவை. கார்டைச் செருகியதுமே, நான் எவ்வளவு போடுவேன் என்று இயந்திரத்துக்குத் தெரியாதாம். அதனால் நூற்று இருபத்தைந்தை முன்கூட்டியே மறித்துவைக்கிறதாம். பத்து டாலருக்குத்தான் போட்டேன் என்பது பிறகு தெரியவரும், அப்போது விட்டுவிடுவார்களாம். எப்போது? ஒரு நாள் ஆகலாம், மூன்று நாள் ஆகலாம். நடுவில் வாரக்கடைசி வேறு.

"யுவர் மணி இஸ் சேஃப், சார்" என்றான். என் பணம் பத்திரமாக இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை, கிடைக்காது, அவ்வளவுதான். இதை அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். மறித்தது பங்க், நீங்கள் அவர்களைக் கேளுங்கள் என்றான். பங்க்குக்கு ஓடினேன். உள்ளே கல்லாவில் இருந்தவர், எங்கள் பக்கத்துக் கணக்கு அன்றே முடிந்துவிட்டது, பிடித்துவைத்திருப்பது உங்கள் வங்கி, அவர்களைக் கேளுங்கள் என்றார். கூடவே, "அடுத்த தடவை உள்ளே வந்து, மூன்றாம் பம்ப்பில் பத்து டாலர் என்று முன்பணம் கட்டிவிட்டுப் போங்கள். ஒன்றும் மறிக்காது" என்றார். இதை ஏன் முதலிலேயே யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். "பம்ப்பில் எழுதியிருக்கிறதே" என்று வெளியே கையைக் காட்டினார்.

போய்ப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தது. கார்டு செருகும் இடத்துக்கு வெகு கீழே, முழங்கால் உயரத்தில், வெயிலில் வெளுத்த ஒரு ஒட்டுத்தாள், பாதி கிழிந்திருந்தது. குனிந்து, கிட்டத்தட்ட மண்டியிட்டுப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். ரேஷன் கார்டிலிருந்து மருத்துவமனைச் சீட்டுவரை, தெருவே என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்லும். விசாத் தாள்களின் பொடி எழுத்தை ஒன்றுவிடாமல் படித்தவன். அப்படிப்பட்டவனுக்கு, படிக்க முடியாத இடத்தில் எழுதிவைத்துவிட்டு, எழுதியிருக்கிறோமே என்கிறார்கள்.

எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. நான் எட்டாவது படிக்கும்போது, சத்தியமங்கலம் சாலையில் ஒரு பங்க்கில், ஊற்றுகிற பையன் மீட்டரில் பூஜ்யம் காட்டாமல் ஊற்றிவிட்டான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, எண் தெரியும். "ஏனுங்க, அஞ்சு லிட்டர் கேனக் கொண்டாங்க. அளந்து பாத்துருவோம்" என்றார். எந்த பங்க்கிலும் அளந்து காட்டக் கேட்கலாம் என்பது அவருக்குத் தெரிந்த ஒரே சட்டம். மேலாளர் வந்தார், பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன, ஒரு லாரிக்காரர் இறங்கி அப்பா பக்கம் நின்றார், யாரோ டீ வாங்கிவந்தார்கள். கடைசியில் கால் லிட்டர் கூடுதலாக ஊற்றி அனுப்பினார்கள். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளி நண்பன் பார்த்துவிடுவானோ என்று வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆலனில் அந்த ஒட்டுத்தாளின் முன்னால் நின்றபோதுதான், அன்று அப்பாவுக்குக் கிடைத்தது எவ்வளவு பெரிய வசதி என்று தெரிந்தது. சண்டை போட அவருக்கு எதிரே ஒரு முகம் இருந்தது.

இதில் இன்னொரு அநியாயம் இருக்கிறது. கணக்கில் பத்தாயிரம் டாலர் வைத்திருப்பவருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. மறித்ததும் தெரியாது, விட்டதும் தெரியாது. ஒரே தடவையில் டேங்க்கை நிரப்புகிறவருக்கு ஒரு மறிப்பு. பத்துப் பத்தாகப் போடுகிறவனுக்கு நான்கு. சிக்கனமாக இருப்பவனிடமிருந்துதான் அதிகம் பிடித்துவைக்கிறார்கள். பிறகு அலுவலகத்தில் சுந்தர் என்ற சென்னைக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார்: "டெபிட் கார்டப் போய் பம்ப்ல சொருகுவாங்களா பாஸ்? க்ரெடிட் கார்டு அப்ளை பண்ணுங்க. அது அவன் காசு, அவனே ஹோல்டு பண்ணிக்கட்டும்." அதாவது கடன் வாங்குகிறவனுக்கு இந்த நாட்டில் சிக்கல் இல்லை, சொந்தக் காசை வைத்திருப்பவன்தான் மாட்டிக்கொள்கிறான். அந்த வெள்ளிக்கிழமையே சுந்தரிடம் முன்னூறு டாலர் கேட்டிருக்கலாம். இந்த அலுவலகத்தில் சேர்ந்த ஐந்தாம் நாள்; வாய் வரவில்லை.

குடியிருப்பு அலுவலகத்துப் பெண்மணியிடம், பணம் இருக்கிறது, மறிக்கப்பட்டிருக்கிறது என்று மூன்று விதமாக விளக்கினேன். வங்கித் திரையைப் படம் எடுத்துக் காட்டினேன். "சோ, யூ டோன்ட் ஹேவ் இட்" என்றார், கோபமே இல்லாமல். சாவி திங்கட்கிழமை.

கலைவாணி இரண்டு பெட்டிகளோடு வந்தாள். கைப்பையில் பால் காய்ச்சவென்றே வாங்கிய புது எவர்சில்வர் பாத்திரம், மஞ்சள் கட்டி, பொட்டலமாகச் சர்க்கரை. நான் தங்கியிருந்த விடுதி அறைக்கு வந்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். "உங்க காசுதானுங்களே?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்பறம் எப்படி அவங்க புடிச்சு வெச்சுக்குவாங்க?" முந்தின நாள் நான் எல்லோரிடமும் கேட்ட கேள்வி. இப்போது பதில் சொல்ல வேண்டியவன் நானாகிவிட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அம்மா வீடியோவில் வந்தார். பின்னால் மாமன், சித்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோரும் நல்ல உடையில். பொய் சொல்ல மனம் வரவில்லை. சொன்னேன். அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. அப்பா போனை வாங்கினார்.

"யாருகிட்டப் போயிக் கேட்ட?"

"எல்லாருகிட்டயும் கேட்டனுங்கப்பா. கேக்கறதுக்கு ஆளே இல்லீங்க."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். சற்று நேரம் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அங்க அடுப்பு இருக்குதா?"

"மைக்ரோவேவ்தானுங்க."

"அதுல என்னத்தப் பொங்கறது. நேரம் போவுது, பால எடுத்து வையி" என்று அம்மாவிடம் திரும்பினார்.

கோபியில் எங்கள் வாடகை வீட்டு அடுப்பில், ஆலனில் சாவி கிடைக்காத வீட்டுக்காக அம்மா பால் வைத்தார். கலைவாணி குளித்த ஈரத்தலையோடு, போனைக் காபி இயந்திரத்தில் சாய்த்துவைத்து, புதுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பால் ஏறியது, நுரைத்தது, வழிந்தது. அங்கே குலவையிட்டார்கள். இவள் கைகூப்பினாள். நானும் கூப்பினேன்.

"கெழக்கால வழிஞ்சுதுடா. ரொம்ப நல்லது!" என்றார் அம்மா.

போனை வைத்ததும் கலைவாணி கேட்டாள். "ஏங்க, இங்க கெழக்கு எதுங்க?"

எழுந்து திரைச்சீலையை விலக்கினேன். வெயில் எங்கேயோ அடித்துக்கொண்டிருந்தது. விடுதியின் நிழல் மட்டும் நீளமாக விழுந்து, நிறுத்தியிருந்த கார்கள் எல்லாவற்றையும் மூடியிருந்தது. சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால், வேறு யாருடைய ஜன்னலிலோ இருந்தது.