அவர் பிளந்துவைத்த கட்டை

கணவர் போய் மூன்று மாதம் ஆன பிறகும் எக்ஸ்ரேக்காரம்மா அவருடைய போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாள். பல் துலக்குவதுபோல அதுவும் ஒரு வேலை. ஒரு சனிக்கிழமை காலை அந்த போன் அடித்தது.

"சார், உங்க கட்டை காஞ்சிருச்சு. எப்ப வர்றீங்க?" என்றது ஒரு பெண் குரல்.

"என்ன கட்டை?"

"வில்லு செய்ய சார் வெட்டினாரே, அது. நீங்க யாரு பேசறது?"

"வீட்டுக்காரி" என்றாள். அவர் இறந்துவிட்டார் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். விலாசத்தைக் கேட்டுக் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவள் அவள். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் சொல்வாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் இறந்த அன்று அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "மரமாட்டம் நிக்கிறா பாரு" என்று நாத்தனார் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள்.

விலாசம் ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்த பழைய கார் ஷெட். உள்ளே சுவரோரம் ஆள் உயரக் கட்டைகள் சாய்ந்து நின்றன. வெடிக்காமலிருக்க அவற்றின் முனைகளில் மெழுகு பூசியிருந்தது. வில் செய்கிறவளுக்கு முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். தச்சு வேலையிலிருந்து இதற்கு வந்தவள். கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு வில்லுக்காரி என்றே பெயர்.

எக்ஸ்ரேக்காரம்மா விஷயத்தைச் சொன்னாள். வில்லுக்காரி கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைத்தாள்.

"நல்லா வெட்டினாரு அக்கா. ரோடு போட எடுக்க இருந்த மரம். கோடாரியால சாய்ச்சு, ஆப்பு அடிச்சு, நாலாப் பிளந்தாரு. ஒரு ஞாயித்துக்கிழமை பூரா."

"சங்கத்துல மீட்டிங்னு சொல்லிட்டுப் போனாரு."

"வீட்டுல சொன்னா சிரிப்பாங்கன்னாரு."

"சிரிச்சிருப்பேன்" என்றாள் அவள்.

கட்டையின் அடியில் சாக்பீஸால் அவர் பெயரை அவரே எழுதியிருந்தார். அவள் குனிந்து அதைப் படித்தாள்.

"எடுத்துட்டுப் போறீங்களாக்கா?"

"என்ன செய்யணும்னு சொல்லு. செய்யறேன்."

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் போனாள். ஆசை என்று சொல்ல முடியாது. வீட்டில் உட்கார்ந்திருப்பதற்குப் பதில் அங்கே நின்றாள், அவ்வளவுதான். மகள் வேறு ஊரிலிருந்து போனில் கேட்டாள், "வில்லா? யாரை அடிக்கப் போற, அத்தையவா?" அவள் பதிலுக்கு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

முதலில் பட்டையை உரிக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியைத் தன்னை நோக்கி இழுத்து இழுத்துச் சீவ வேண்டும்.

"மரத்துக்கு வருஷத்துக்கு ஒரு வளையம். ஏதாவது ஒரு வருஷத்தைப் பிடிச்சுக்கங்க. இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் அது அறுபடக் கூடாது. அறுந்தா அங்கதான் ஒடியும்" என்றாள் வில்லுக்காரி.

சாம்பல் நிறத்திலேயே இருபத்தாறு வருடம் கழித்த கண்ணுக்கு அது கடினமாக இல்லை. எங்கே ஒரு வருடம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று விரல்நுனியால் தொட்டே காட்டினாள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து காய்த்தது. வலித்தது, ஆனால் வலிப்பது வேறு யாருடைய கையோபோல இருந்தது.

"வெளிப்பக்கம் வில்லுக்கு முதுகு. அதைத் தொடாதீங்க. நம்ம பக்கம் இருக்கறது வயிறு. குறைக்கறதெல்லாம் வயித்துலதான்."

"எங்க டாக்டரும் எல்லாருக்கும் அதைத்தான் சொல்றாரு" என்றாள். வில்லுக்காரி சிரித்தாள். தான் சொன்னது வேடிக்கை என்று அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

எட்டாவது வாரம் கட்டை வில்லின் வடிவத்துக்கு வந்தது. சுவரில் பதித்த தாங்கியில் அதைக் கிடத்தி, நாணில் கயிறு கட்டிக் கப்பி வழியாகக் கீழிருந்து இழுப்பார்கள். நடுப்பிடிக்கு இரண்டு பக்கமும் உள்ள வில்லின் கைகள் ஒன்றுபோல வளைகின்றனவா என்று தள்ளி நின்று பார்க்க வேண்டும். விறைப்பாக நிற்கும் இடத்தில் பென்சிலால் குறித்து, சீவி, மறுபடி இழுக்க வேண்டும். அன்றைக்கு வில்லின் இடது கையில், முனைக்கு ஒரு சாண் உள்ளே, முதுகில் ஒரு முடிச்சின் ஓரமாக மெல்லிய கோடு ஒன்றைப் பார்த்தாள்.

பத்தாவது வாரம் கயிற்றை இழுத்தபோது வில் அந்த இடத்திலேயே படாரென்று ஒடிந்தது. ஒரு துண்டு பறந்து தகரக் கதவில் மோதி விழுந்தது. யாருக்கும் அடி இல்லை.

"என் தப்புக்கா. சரியாப் பாத்திருக்கணும்."

"நான் பாத்தேன்."

"எதை?"

"விரிசலை. ரெண்டு வாரம் முன்னாடியே."

"பாத்துட்டுமா சொல்லல?"

"சொல்றது என் வேலை இல்ல. பழகிப்போச்சு."

பிறகு எக்ஸ்ரேக்காரம்மா கால் மடக்கிச் சீவல் குப்பையிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாள். கணவருக்கு இருமல் நிற்காதபோது படம் எடுத்தவள் அவள்தான். திரையில் அந்த வெள்ளை நிழலை முதலில் பார்த்தவளும் அவள்தான். சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே, "என்ன தெரியுது?" என்று கேட்டார். "டாக்டர் சொல்வாரு" என்றாள். டாக்டர் லீவில் இருந்தார். வர நாலு நாள் ஆயிற்று.

"முன்னாடியே சொல்லியிருந்தா மட்டும் பிழைச்சிருக்க மாட்டாரு. அது எனக்குத் தெரியும். ஆனா அந்த நாலு நாளும் அதை வயித்துல வச்சுக்கிட்டு அவர் பக்கத்துல உக்காந்து டிவி பாத்தேன்."

வில்லுக்காரி ஒடிந்த துண்டைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ ஒரு தடவை எனக்கு போன் பண்ணினாரு அக்கா. 'எனக்கு ஏதோ சரியில்லபோல இருக்கு, என் வீட்டுக்காரி நிமிந்து என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறா'ன்னாரு. 'நான் எப்படி இருந்தாலும் கட்டை காஞ்சதும் இந்த நம்பருக்குக் கூப்பிடு'ன்னாரு. எனக்கு அன்னிக்குப் புரியல. வயசானவங்க பேச்சுன்னு விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அழுகை வருமோ என்று எக்ஸ்ரேக்காரம்மா காத்திருந்தாள். வரவில்லை. வெளியே டயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் ஓடி நின்றது. எழுந்து பின்பக்கம் ஒட்டியிருந்த சீவலைத் தட்டிவிட்டாள்.

"நாலாப் பிளந்தாருன்னியே. மிச்சம் எங்க?"

"ரெண்டு உளுத்துப்போச்சு. ஒண்ணு நல்லா இருக்கு."

அடுத்த சனிக்கிழமை அதை எடுத்தாள். இந்தமுறை கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னாள். இங்கே முடிச்சு, இங்கே கறுப்பு, இங்கே கோடு என்று ஓயாமல் கூப்பிட்டதில் வில்லுக்காரி களைத்துப்போனாள். "அக்கா, அது விரிசல் இல்ல. நீங்க போட்ட பென்சில் கோடு."

நாலு மாதத்தில் வில் முடிந்தது. ஒரு கை லேசாகக் கோணல். "ஒடியாது. ஆனா அழகுப் போட்டிக்கு அனுப்பாதீங்க" என்றாள் வில்லுக்காரி. அதைப் பழைய போர்வையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தாள். கண்டக்டர் போர்வையின் நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது யாரையும் குத்தாம பாத்துக்குங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

லீவுக்கு வந்திருந்த மகள் தெருக்கோடி மைதானத்துக்கு அவளைக் கூட்டிப்போனாள். அட்டைப்பெட்டி ஒன்றை மண்மேட்டில் சாய்த்துவைத்தார்கள். முதல் அம்பு காலடியில் விழுந்தது. இரண்டாவது பெட்டியைத் தாண்டி எங்கோ போனது. மகள் தேடப் போனாள். எக்ஸ்ரேக்காரம்மா நாண் உரசிச் சிவந்துபோன விரல்களைப் பார்த்தாள். எரிந்தது. தன் விரல்தான். ஊதிக்கொண்டாள்.

"கிடைச்சுதா?" என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா. புல்லு நிறைய இருக்கு. நீயும் வா."

வில்லைப் பெட்டியின்மேல் சாய்த்துவைத்துவிட்டு அவளும் போனாள்.