கதவு என்று சொன்ன கண்

உங்கள் பிள்ளையால் இன்னொருவருக்கு அடிபட்டு, நீங்கள் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தால் இது உங்களுக்காக. நான் செய்ததை நீங்கள் செய்துவிடாதீர்கள்.

சான் ஹோசேயில் எங்கள் அபார்ட்மென்ட்டின் கார் நிறுத்துமிடத்தில் என் மகள் நித்யா சுவரில் டென்னிஸ் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. அங்கே ஆடாதே என்று தடுத்திருக்க வேண்டும். சமையல் மும்முரத்தில் விட்டுவிட்டேன். வேலை முடிந்து காரைவிட்டு இறங்கிய பக்கத்து வீட்டு வசந்தா அக்காவின் இடது கண்ணில் பந்து நேராகப் பட்டது.

நான்தான் அவரை என் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவருக்குக் கண்ணை மறைத்துச் சிவப்பாகத் தெரிந்தது. எனக்கோ வேறு கவலை.

"அக்கா, அலமாரிக் கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லிடுங்களேன். கேஸ் கீஸ்னு வந்தா எங்க கிரீன் கார்டு என்னாகும்? இப்பதான் அப்ளை பண்ணியிருக்கோம்."

"சரி விடு, குழந்தைதானே. நான் பாத்துக்கறேன்" என்றார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டாக்டர் ஹைஃபீமா (கருவிழிக்குப் பின்னால் ரத்தம் தேங்குவது) என்றார். மறுபடி கசிந்தால் பார்வை போகலாம். எப்படி அடிபட்டது? கதவு என்றார் அக்கா. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். ஆபீஸிலிருந்து பதறி ஓடிவந்த அக்காவின் கணவர் ரகு சாரை வெளியே உட்காரச் சொன்னார்கள். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று ஒரு பெண்மணி வந்து அக்காவிடம் கேட்டார். பிறகு ஒரு போலீஸ்காரர் வந்து ரகு சாரை விசாரித்தார்.

நான் இரண்டு நாற்காலி தள்ளி இருந்தேன். வாயைத் திறந்தேனா? இல்லை. போலீஸ்காரர் போன பின் ரகு சார் என்னிடம், "அவளை ஒரு வார்த்தை அதட்டினதுகூட இல்லம்மா" என்றார். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். நித்யாவுக்காக அவரும் அதை வெளியே சொல்லவில்லை.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து. தலையை உயர்த்தியே படுக்க வேண்டும், குனியக் கூடாது. நான் லீவு போட்டுவிட்டு மருந்து போடப் போனேன். ரகு சார் அறை வாசலிலேயே நின்றுகொள்வார். மூன்றாம் நாள், "நீங்க ஒரு தடவை போடறீங்களா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. என் கை பட்டு செவந்து போச்சுன்னா அதுக்கும் என்னைத்தான் கேப்பாங்க."

மறுநாள் பரிசோதனைக்கு நித்யாவையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று நித்யாவிடம் கேட்டார். அழுதுகொண்டே பதில் சொன்னாள். பந்து பட்ட கண்ணில் வருஷங்கள் கழித்தும் அழுத்தம் ஏறலாம், ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்றார். குறிப்பைத் திருத்தி எழுதினார். காரிலேயே உட்கார்ந்திருந்த ரகு சாரை உள்ளே வரச் சொன்னார்.

நான் பயந்த கடிதமும் வந்தது. அக்காவின் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவைக் கேட்டு அனுப்பியது. அதில் நித்யாவின் பெயர். இதற்கும் கிரீன் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றார் வக்கீல். குழந்தை கவனமாக ஆடினாளா, பெற்றோர் மேற்பார்வை செய்தார்களா, இதுதான் கேள்வி. கோர்ட்டுக்குப் போகாமலே தீர்ந்துவிடும் என்றார். தீர்ந்தது. காரில் நான் கேட்டுக்கொண்ட பொய்யைப் பற்றி அந்தக் காகிதங்களில் ஒரு கேள்விகூட இல்லை.

தேங்கிய ரத்தம் வடிந்தது, பார்வை திரும்பியது. இடது பாவை (வெளிச்சம் பட்டால் சுருங்கும் நடுத்துளை) மட்டும் விரிந்தே நின்றுவிட்டது. வெயிலில் கூசும். எனக்கு இன்னமும் பொழுது நான்கு மணி நேரக் கணக்கில்தான் போகிறது. எட்டு, பன்னிரண்டு, நாலு என்று கடிகாரம் காட்டினால் கை மருந்துக் குப்பியைத் தேடும்.

லிவர்மோர் கோயில் வாசலில் அக்காவோடு பேச நின்றால், வெயில் எந்தப் பக்கம் என்று என் உடம்பே பார்த்துக்கொள்கிறது. என் நிழல் அவர் முகத்தில் விழும்படி நகர்ந்து நிற்கிறேன். அப்போது அவர் இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து என்னைப் பார்க்கிறார். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.