பேர் இல்லாத செட்டு

மார்கழிப் பனி இறங்கினால் ரமாபாய்க்குத் தும்மல் ஆரம்பித்துவிடும். மாசி வரைக்கும் விடாது. திருவொற்றியூர்ப் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவள் அவள். அந்த மிஷின் முன்னால் ஒரு நொடிகூடக் கண் சொக்கக் கூடாது.

பட்டறைக்குப் பக்கத்து மெடிக்கல் ஷாப் சுயம்பு அண்ணாச்சியுடையது. யார் வந்து தும்மினாலும் மூன்று மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, “ஒரு செட்டு” என்று நீட்டுவார். எதிலும் பேர் இருக்காது. 2002 ஜனவரியில் ஒரு காலையிலும் அப்படித்தான் நீட்டினார்.

ரமாபாய் கை நீட்டவில்லை. “இது இன்னா மாத்திரை? அட்டையோட காட்டு அண்ணாச்சி. தூக்கம் வருமா, வராதா?”

“ஊரே இதத்தாம்மா வாங்கிட்டுப் போகுது.”

“ஊரு போவட்டும். எனக்குப் பேரு சொல்லு.”

“வாங்கினு நவுரும்மா, வேலைக்குப் போவணும்” என்றது பின்னால் நின்ற கூட்டம்.

அவள் நகரவில்லை. இடது கையைக் கண்ணாடிப் பெட்டிமேல் விரித்து வைத்தாள். ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

“போன வருசம் நீ குடுத்த செட்டத்தான் போட்டேன். தும்மல் நின்னுச்சு. மிஷின்ல சொக்கிட்டேன். மிச்சம் ஒம்பது விரலு கீது அண்ணாச்சி. இப்ப பேரச் சொல்லு.”