முன் சீட்டில் சாகாத மனிதர்

அனந்துவின் காரில் ஒருவர் செத்துப்போனதாக ஊரில் முதன்முதலில் சொன்னவன் நான்தான். அந்தக் காரில் யாரும் சாகவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆளே இல்லாமல் கொட்டகையில் நின்ற வண்டி அது!

சொல்லிவிட்டேன்... இத்தனை வருஷமாக என் மனைவியிடம்கூடச் சொல்லாததை முகம் தெரியாத உங்களிடம் சொல்லிவிட்டேன். உங்கள் முகம் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன். அவ்வளவு தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நான் எப்படிப்பட்டவன் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கும்பகோணத்துக்காரன். ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்தேன். தீப்பிடித்தது, கவிழ்ந்தது, களவு போனது என்று நஷ்டஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்ப்பது என் உத்தியோகம். சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவன் நான்! எவன் அவசரப்படுத்துகிறானோ அவன் எதையோ மறைக்கிறான் என்பது என் மேலதிகாரி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அந்தப் பாடத்தை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வரத் தெரியாமல் போயிற்று. காய்கறிக்காரி ஒரு கத்தரிக்காயைக் கூடுதலாகப் போட்டாலும், ஏன் போட்டாள் என்று அன்று முழுவதும் யோசிப்பேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகச் சேர்ந்த புதிதில் என்னைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார்கள். வலியசாலை அக்கிரகாரத்தில் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவன் அனந்து. அவன் தலைமுறை தலைமுறையாக ஸ்ரீவராகத்தில் இருக்கிற குடும்பத்துப் பிள்ளை. சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. வந்த சில மாதங்களிலேயே நான் டைபாய்டு காய்ச்சலில் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குத் துணையாக இருந்து, மருந்துக்கும் கஞ்சிக்கும் ஓடியவன் அவன்தான். அப்போதுகூட, இவனுக்கு என்ன லாபம் என்று காய்ச்சலின் நடுவே ஒரு நாள் யோசித்தேன்... இப்படியும் ஒரு பிறவி உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அது நான்தான்.

மலையாளம் கற்றுக்கொள்ள நான் முயலவில்லை. அக்கிரகாரத்தில் தமிழ் இருக்கிறது, ஆபீஸில் இங்கிலீஷ் இருக்கிறது, போதாதா என்ற மமதை. அந்த ஊர்க்காரர்கள் பேசும் தமிழைக் கேட்டு உள்ளுக்குள் சிரிப்பேன். அனந்து வாயைத் திறந்தால் பாதி மலையாளம். அதையும் தமிழ் என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இயந்திரங்களின்மேல் ஒரு பித்து உண்டு. ஒரு நாள் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டான். கரமனையில் ரோட்டோரமாக ஒரு கொட்டகை எடுத்தான். அடிபட்டுக் கிடக்கும் பழைய கார்களை வாங்கி, சரிசெய்து விற்பதாகத் திட்டம். வீட்டில் ஒரே ரகளை! கடைசியில் அவன் மாமனார் ஒரு நிபந்தனையோடு அடங்கினார். முதல் வண்டி நல்லபடியாக விற்றால் அவன் இஷ்டம்போல் தொழிலை நடத்தலாம். விற்காவிட்டால் கொட்டகையை மூடிவிட்டு, பம்பாயில் மைத்துனன் நடத்தும் மெஸ்ஸில் போய் உட்கார வேண்டும். அந்த ஊரையும் அந்தத் தொழிலையும் விட்டால் அனந்துவுக்கு வேறொன்றும் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்த முதல் வண்டி, ஒரு தோட்டத்துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன சின்னக் கார். பேரூர்க்கடைப் பக்கம் ஒரு கொட்டகையில் நின்றிருந்ததாம். காற்றுமழையில் தென்னை சாய்ந்து, கொட்டகையோடு வண்டியின் கூரையும் இடப்பக்கத்தில் நசுங்கிப் போயிற்றாம். அனந்து அதை வாங்கி, தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பச்சை வர்ணம் பூசி, பளபளவென்று கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தினான்.

எனக்கு ஒரு கார் வேண்டும் என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நானேதான். பஸ்ஸில் நாகர்கோவிலுக்கும் கொல்லத்துக்கும் அலைந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. விலையும் நியாயமாகவே சொன்னான். அதுவே என்னை உறுத்திற்று. ஏன் இவ்வளவு நியாயம்?

சங்குமுகம் கடற்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனான். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடிற்று. முனகியிருந்தால் கோளாறு என்று சந்தேகப்பட்டிருப்பேன். முனகாததால் எதையோ அமுக்கி வைத்திருக்கிறான் என்று சந்தேகப்பட்டேன். பிறகு ஒன்றைக் கவனித்தேன். முன் சீட்டில் இடப்பக்கம் மட்டும் புதுத் துணி, புது மெத்தை! ஓட்டுகிறவன் பக்கத்தில் பழைய தோல் அப்படியே இருந்தது. ஏன் என்று கேட்டேன். கூரை பொத்துப்போய் மழை இறங்கி உளுத்துவிட்டது என்றான். எவ்வளவு எளிய பதில்! அதனாலேயே எனக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டு வாசலில் இறக்கிவிடும்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"வக்கீலும் கேக்கறார், கேட்டயா. ஆனா உனக்குத்தான் முதல்லே. நல்ல அவசரமாக்கும் சுந்தரேசா, விட்டுக் களையாதே."

அவசரம்! அவன் வாயாலேயே சொல்லிவிட்டான்! என் மேலதிகாரி என் காதருகே வந்து நின்றதுபோல் இருந்தது. இவனுக்கு ஏன் அவசரம்? நல்ல அவசரம் என்று வேறு அழுத்திச் சொல்கிறானே... நான் கூர்ந்து பார்ப்பதற்கு முன்னால் தலையில் கட்டிவிடப் பார்க்கிறானா? புதுத் துணிக்கு அடியில் என்ன இருந்தது? மழைத் தண்ணீரா, ரத்தமா?

அனந்து அண்ணா நம்மிடம் பொய் சொல்லுவாரா என்று என் மனைவி கேட்டாள். அவளையும் எப்படியோ மயக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் ஜாதகத்தில் இப்போது வாகன யோகம் இல்லை என்று அனந்துவிடம் ஒரு சாக்குச் சொன்னேன். அவன் முகம் லேசாக வாடியது. அடுத்த கணமே, அதனாலென்ன, வக்கீலுக்குக் கொடுத்தால் போயிற்று என்று சிரித்தான். இத்தோடு நின்றிருந்தால் நான் வெறும் சந்தேகப் பிராணி. உங்களிடம் ஒப்புக்கொள்ள எதுவும் இருந்திருக்காது.

வக்கீல் ஹரிஹரய்யர் எங்கள் தெருக்காரர். பெரிய மனிதர். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்த மகளைக் குழந்தையோடு சொந்தக் காரில் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் என்று ஆசை அவருக்கு. ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீர் அவனுக்கு உற்ற சிநேகிதன். இன்ஷூரன்ஸ்காரர் வேறே. வண்டி எப்பிடி, மறைக்காமச் சொல்லும்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஓடுகிறது, சத்தமில்லை, மற்றபடி எனக்குத் தெரியாது. அவ்வளவுதானே உண்மை! ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குள் ஒரு கணக்கு ஓடிற்று. இவர் இந்த வண்டியை வாங்கி, அது வருஷக்கணக்காக நன்றாக ஓடினால்? தினமும் என் வாசல் வழியாக அது போகும். அனந்துவைச் சந்தேகித்த முட்டாள் என்று தினமும் என்னை இடித்துக்காட்டும். என் சந்தேகம் பொய்யாகிவிடக் கூடாது... அதற்காக நான் பொய் சொன்னேன்.

தயங்குவதுபோல் தயங்கினேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "முன் சீட்டிலே இடப்பக்கம் மட்டும் ஏன் புதுசுன்னு பாத்தேளா? அங்கே உக்காந்திருந்தவர் அப்புறம் எழுந்திருக்கலைன்னு கேள்வி" என்றேன்.

யார் சொன்னது என்று கேட்டார். எங்கள் ஆபீஸுக்கு வராத சேதியா என்று பதில் சொன்னேன். அவர் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. பச்சைக் குழந்தை ஏறி வரப்போகும் வண்டியில் ஒரு சாவு! அன்று மாலையே வேண்டாம் என்று அனந்துவுக்குச் சொல்லியனுப்பிவிட்டார். என் பெயரை அவர் யாரிடமும் எடுக்கவில்லை. வக்கீல் அல்லவா!

ஆனால் சேதி நின்றதா? வலியசாலையிலிருந்து கிழக்கேகோட்டைக்குப் போயிற்று. அங்கிருந்து சாலை பஜாருக்குப் போயிற்று. போகப் போகச் சாவும் வளர்ந்தது. ஒருவர் என்று நான் அனுப்பினேன். புருஷனும் பெண்சாதியுமாக அது என்னிடம் திரும்பி வந்தது. அந்த வண்டி கரமனைப் பாலத்தில் தானாகவே நின்றுவிடும் என்று என் வீட்டுக் கூடத்திலேயே ஒருவர் எனக்குச் சொன்னார். நான் ஆச்சரியப்பட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்!

அனந்து விலையைக் குறைத்தான். குறைத்ததும், அப்படியானால் விஷயம் உண்மைதான் என்று ஊர் தீர்மானித்துவிட்டது.

இப்போது நான் சொல்லப்போவதைத்தான் என்னால் சீரணிக்க முடியவில்லை. பொய் சொன்னதைக்கூட ஒரு கணத்தின் கோணல்புத்தி என்று மழுப்பிவிடலாம். இதை எப்படி மழுப்புவேன்?

எங்கள் ஆபீஸில் ஓர் இளைஞனுக்குக் கோட்டயத்தில் பெரிய பதவி கிடைத்தது. போகலாமா வேண்டாமா என்று அவன் தயங்கிக்கொண்டிருந்தான். ஹெட்கிளார்க் நாயர் அவனைப் பார்த்து, "நல்ல அவசரமாணு, களயருது" என்றார்.

எனக்குத் திக்கென்றது. என்ன அவசரம், மெதுவாக யோசிக்கட்டுமே என்றேன். அறை முழுவதும் சிரித்தது.

"ஸாரே, ஞங்ஙள்க்கு அவசரம் என்னு பறஞ்ஞால் சான்ஸ். நிங்ஙள் தமிழருடெ திடுக்கம் அல்ல" என்று நாயர் விளக்கினார். நம் அவசரத்துக்கு அவர்கள் சொல் திடுக்கம்.

சான்ஸ்... வாய்ப்பு... நல்ல சந்தர்ப்பம்! நல்ல வாய்ப்பு, நழுவ விடாதே என்று என் சிநேகிதன் என்னிடம் சொல்லியிருக்கிறான். வக்கீல் கேட்டும் கொடுக்காமல், நல்ல பொருளை முதலில் எனக்கென்று ஒதுக்கிக் கொண்டுவந்திருக்கிறான். அவன் சொன்னது அன்பு. எனக்குக் கேட்டது திருட்டு!

அன்றைக்கு அந்த வண்டி இன்னும் கரமனையில் விற்காமல்தான் நின்றது. கவனியுங்கள், இன்னும் காலம் கடந்துவிடவில்லை! வக்கீலிடம் போய், நான் சொன்னது பொய் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லை ஊர் நம்பும். அனந்து பிழைத்திருப்பான்.

போனேனா? வக்கீல் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ளே அவர் குரல் கேட்டது. பொய் சொன்ன இன்ஸ்பெக்டர் என்று தெருவே என்னைப் பார்க்கும்... ஆபீஸுக்குத் தெரிந்தால் என் வேலையும் போகும்... செருப்பைக் கழற்றாமலே திரும்பி, நேரே கரமனைக்கு நடந்தேன். அனந்துவிடமாவது சொல்லிவிடுவது என்று ஓர் எண்ணம். அவன் அந்தப் பச்சை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் டீ வரவழைத்தான். குடித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் திறந்துவிட்டான்.

"நீ இதிலேதானே உத்தியோகம் பாக்கறே. இந்தப் பேச்சு எங்கே தொடங்கித்துன்னு எனக்காக ஒண்ணு அன்வேஷிச்சுத் தருவியா?"

விசாரிக்கிறேன் என்றேன். ஆமாம்... என்னைக் கண்டுபிடித்துத் தருவதாக நானே ஏற்றுக்கொண்டேன்! சில வாரங்கள் கழித்து, இந்த மாதிரி வதந்திகளுக்கு மூலம் கிடைப்பதில்லை என்று சொன்னேன். அவன் நம்பினான். நான் இன்ஸ்பெக்டராயிற்றே!

கடைசியில் நாகர்கோவிலிலிருந்து ஒருவன் வந்து, உடைத்து உதிரியாக விற்பதற்காக அந்த வண்டியை இழுத்துப் போனான். ஓடக்கூடிய வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். மாமனார் சொல் நிறைவேறிற்று. அனந்து கொட்டகையை மூடினான்.

பம்பாய்க்குப் புறப்பட்ட அன்று, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு வழியனுப்பப் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகப்படுவானே என்றுதான் போனேன். அவன் மனைவியையும் பெட்டி படுக்கையையும் ஏற்றிவிட்டு, என்னைத் தனியே அழைத்துப் போனான். அவன் கண் கலங்கியிருந்தது. தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஒரு காரியம் சொல்லாமப் போனா எனக்கு மனசு ஆறாது, சுந்தரேசா" என்றான். "ஆரு சொல்லியிருப்பான்னு ஆலோசிச்சு ஆலோசிச்சு, ஒரு நாள் உன்னைச் சந்தேகப்பட்டுப் போச்சு. அன்னிக்குப் பூரா உன்மேலே வெறுப்பா இருந்தேன். பெரிய பாவமாக்கும் அது. நீ என்னை க்ஷமிக்கணும்."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அந்த இடத்தில் கல்லும் உருகியிருக்கும். நான் அவன் தோளில் கை வைத்தேன். பிறர் முன்னால் முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

"போகட்டும் அனந்து. நான் ஒண்ணும் மனசிலே வச்சுக்கலை" என்றேன்.

கேட்டீர்களா? நான் அவனை மன்னித்தேன்! அவன் முகம் தெளிந்தது. இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ பெரிய மனசுக்காரன் என்றான். பாரம் இறங்கியவனாக வண்டியில் ஏறினான்.

பம்பாயிலிருந்து யார் வந்தாலும் இன்றும் என் க்ஷேமத்தை விசாரித்து அனுப்புகிறான். நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்புகிறேன்.